தங்கப்பழம் அண்ணாச்சி விட்ட ஏலம்

தோஹா தமிழ்ச் சபையில் தங்கப்பழம் அண்ணாச்சியைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை என்று தாராளமாகச் சொல்லிவிடலாம். வருஷத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் அவர் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே ராஸ் லஃபான் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வருவதால் பாதி நாள் முதல் பாட்டு முடிந்த பிறகே உள்ளே நுழைவார். வெயிலில் வற்றிப்போன ஒடிசலான உடம்பு, வயது ஐம்பத்து மூன்று, ஊர் சாத்தான்குளம் பக்கம். ஆனால் நவம்பரில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் முன்வரிசை இன்ஜினியர்களும் டாக்டர்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அறுப்பின் பண்டிகை என்றால் அவர் ஊர்ப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருஷத்தின் முதல் விளைச்சலை, அது வாழைத்தாரோ முருங்கைக்காயோ, கோவிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். தோஹாவில் வயலுமில்லை தோட்டமுமில்லை, அறுப்பு மட்டும் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்கலாம். சபையார் கேட்டுக்கொள்ளவில்லை. பால்கனித் தொட்டியில் வளர்த்த புதினா வரும். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி வரும். ஓவனில் வெந்த கேக், சூப்பர் மார்க்கெட் பூசணி எல்லாம் வரும். உயிருள்ள எதையும் கொண்டுவரக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டதால், ஊரில் கொக்கரித்துக்கொண்டு ஏலம் போகும் சேவலுக்குப் பதிலாக இங்கே கல்லாய் உறைந்த ஃப்ரோஸன் கோழி பிளாஸ்டிக் பைக்குள் படுத்திருக்கும்.

அண்ணாச்சி ஏலக்காரர் ஆனது ஒரு அவமானத்திலிருந்து. வந்த முதல் வருஷம் அவரும் ஒரு கருப்பட்டிப் பொட்டலம் படைத்தார். மேடையிலிருந்தவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, தன் பொட்டலத்தைத் தானே ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டு கேம்புக்குத் திரும்பினார். அந்தக் கருப்பட்டியை அவர் தின்னவேயில்லை. அலமாரியில் கிடந்து இளகிப்போனது.

அடுத்த வருஷம் ஒரு சமையல்காரரின் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் அதே கதிதான் வரப் பார்த்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அண்ணாச்சியின் குரல் எழுந்தது. "என்ன டாக்டரையா, போன வாரம் வாய்க்கு ருசியில்லன்னு சொன்னிய. மருந்து இங்கன இருக்கு, பாத்துக்கிட்டு சும்மா இருக்கிய." சபை கொல்லென்று சிரித்தது. பல் டாக்டர் கை தூக்கினார். டாக்டர் தூக்கினால் அவருடைய மச்சினன் விடுவாரா, அவரும் தூக்கினார். ஊறுகாய் கேக்கைவிட அதிக விலைக்குப் போயிற்று. அதற்கடுத்த வருஷம் கமிட்டியே அவரைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றியது. அதிலிருந்து பதினேழு வருஷம். மைக் வேண்டாத குரல். "ஒரு தரம்" என்று அவர் ஆரம்பித்தால் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரும் திரும்பி வருவார்.

அவர் தனக்கென்று வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். கொண்டுவந்தவர் தன் பொருளைத் தானே திரும்ப எடுக்கக் கூடாது. அதற்காக யாரை யாரோடு கோத்துவிட வேண்டும், யாருக்கு எந்த ஊர்ப் பெருமை, யார் மனைவி பக்கத்தில் இருந்தால் கை தூக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்தக் கருப்பட்டிக் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

இந்த வருஷம் ஜூன் மாதம் அவர் கழுத்திலிருந்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு தளர்ந்துவிட்டது. சிலருக்கு அப்படி ஆவதுண்டு, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். மிச்சமிருந்தது ஒரு காற்றுச் சத்தம். காய்ந்த ஓலையை இழுப்பது போல இருக்கும். அதைக் கேட்க அவருக்கே பிடிக்கவில்லை.

வேலை மட்டும் போகவில்லை. அவர் ரிக்கர். கிரேன் தூக்கும் சாமானைக் கட்டிவிட்டு, கீழே நின்று ஆப்பரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிறவர். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. ஒரு கையை அதன் மேல் கூரையாக அசையாமல் வைத்துக்கொண்டால், மெதுவாகத் தூக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால், அந்தப் பக்கம் திருப்பு. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாம் அப்படியே நிற்கட்டும். கிரேனில் இருப்பவர் கார்மேகம், கமுதிப் பக்கத்துக்காரர். பதினோரு வருஷமாக அண்ணாச்சியின் கையைப் பார்த்தே இரும்பைத் தூக்குகிறவர். சாமி கும்பிட அவர் சபைக்கு வருவதில்லை. ஏலம் பார்க்கவும் பிரியாணி சாப்பிடவும் ஒரு வருஷம் தவறாமல் வருவார்.

வேலை தப்பித்தது பெரிதுதான். ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அண்ணாச்சியின் குடித்தனம் இருபது வருஷமாக ஃபோனில் நடப்பது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மனைவி கனகபுஷ்பத்தோடு பேசுவார். ஆபரேஷனுக்குப் பிறகும் அந்த ஏழு மணி மாறவில்லை. ஆனால் அவள் பேசுவாள், இவர் ஃபோனின் முதுகில் நகத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. மிச்சத்தை மெசேஜில் எழுதுவார்.

"வர்ற சத்தத்தையாவது நான் கேக்கேன், ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்பாள் அவள்.

இரண்டு தட்டு.

"குரல் வந்தபெறகு பேசுதேன்" என்று எழுதி அனுப்புவார். ஐந்து மாதம் இப்படியே ஓடிவிட்டது. அவள் கல்யாணம் கட்டியது அந்தக் குரலை என்று அவருக்கு ஒரு எண்ணம். இந்தக் காற்றை அவள் காதில் போட அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கையில் கமிட்டிச் செயலாளர் விமல் ஆராதனை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கேஸ் கம்பெனியில் இன்ஜினியர், நல்ல பையன். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் காரின் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"அண்ணாச்சி, தொண்டை இப்ப எப்படி இருக்கு?"

அண்ணாச்சி கையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"ஸ்ட்ரெயின் பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா. அதான், இந்த வருஷம் ஏலத்தை ஃபோன்லயே வச்சிருவோம்னு கமிட்டில பேசினோம். பெரிய ஸ்க்ரீன்ல ஒவ்வொண்ணா படம் வரும். வேணுங்கறவங்க அவங்கவங்க ஃபோன்ல தொகையைத் தட்டிக்கலாம். நான் முன்னால நின்னு பாத்துக்கறேன். நீங்க ஃப்ரீயா உக்காந்து பாருங்க. அடுத்த வருஷம் பழையபடி நீங்கதான்."

அண்ணாச்சி சிரித்துத் தலையாட்டினார். பையன் மேல் அவருக்குக் கோபமில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. அடுத்த வருஷம் என்ற வார்த்தையை யாரும் நம்பிச் சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். குரல் வராவிட்டால் இனி இந்தச் சபையில் தனக்கு என்ன இடம் என்று எண்ணிப் பார்த்தார். கடைசிக்கு முந்தின வரிசை. வேறெதுவும் தோன்றவில்லை.

பண்டிகைக்குப் போகவேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலில் படுத்திருந்தவரை கார்மேகம் வந்து எழுப்பினார். குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, தயாராக நின்றார் மனுஷன்.

"என்னண்ணே, கௌம்பலையா? பஸ்ஸு வந்துருச்சு."

அண்ணாச்சி கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அதுக்கு? எனக்கு பிரியாணி கெடையாதா? உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகாம நான் தனியாப் போயி யாருன்னு சொல்லிச் சாப்புடுறது? எந்திரிங்கண்ணே, யல்லா."

அண்ணாச்சி எழுந்து குளிக்கப் போனார்.

சபை கூடும் வளாகத்து வாசலில் வழக்கம்போலப் பைகளைச் சோதித்தார்கள். இவர்களுக்கு முன்னால் செல்வக்கனி நின்றாள். ஒரு வில்லாவில் வீட்டுவேலை செய்கிறவள், திசையன்விளைக்காரி. மாதத்தில் ஒரு வெள்ளி, அதுவும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு லீவு. அவள் கையிலிருந்த மிட்டாய் டப்பாவைக் காவலர் திறந்து பார்த்தார். உள்ளே டிஷ்யூ பேப்பர் விரித்து, பச்சை மிளகாய்களை வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"நெய் டின்னுல வச்ச செடி அண்ணாச்சி" என்றாள், இவரைப் பார்த்ததும். "துணி துவைக்கிற ரூமு சன்னலுல வச்சிருந்தேன். பூவாப் பூத்து உதுந்துக்கிட்டே கெடந்து, இந்த வருசந்தான் காய்ச்சது. பதினொண்ணு. நான் ஒண்ணுகூட எடுக்கல. நீங்க நல்லா கூவி விடணும், என்ன?"

அவளுக்கு விஷயம் தெரியாது. ஜூன் தொடங்கி போன மாதம் வரை அவளால் ஒரு தடவைகூட வர முடியவில்லை. அண்ணாச்சி அவள் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆராதனை நன்றாகவே நடந்தது. ஏலமும் மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்க்ரீனில் படம் வந்தது, கீழே எண் ஓடியது, டிங் என்று மணி அடித்தது. கேக் போயிற்று. பூசணி போயிற்று. ஃப்ரோஸன் கோழிக்குக்கூடப் போட்டி இருந்தது. ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கும் மச்சினனுக்கும் நடுவே ஒரு சிரிப்பில்லை. பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வாசனை வரத் தொடங்கியதும் பலருக்குக் கவனம் அங்கே போய்விட்டது.

கடைசி எண் நாற்பத்து மூன்று. ஸ்க்ரீனில் பதினொரு மிளகாய் வந்தது.

"பச்சை மிளகாய், ஹோம் க்ரோன்" என்றான் விமல். "பத்து ரியால்ல இருந்து ஸ்டார்ட் பண்ணலாம்."

எண் பூஜ்யத்திலேயே நின்றது. மிளகாய் கிலோ என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்தானே. விமல் இன்னொரு தடவை கேட்டான். யாரோ இருமினார்கள். பாவம் அந்தப் பையன், என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்க்ரீனையே பார்த்தான்.

கடைசி வரிசையில் செல்வக்கனி மெல்ல எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பரவால்ல தம்பி" என்றாள், தரையைப் பார்த்தபடி. "நானே எடுத்துக்கிடுதேன்."

தங்கப்பழம் அண்ணாச்சி எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நடுப் பாதையில் விறுவிறுவென்று நடந்து மேடைக்குப் போனார். செல்வக்கனியைப் பார்த்து, உட்கார் என்று கையமர்த்தினார். மேசையிலிருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடது கையில் உயர்த்திப் பிடித்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. முன்வரிசைக்குக்கூடக் கேட்டிராது.

விமல் மைக்கை நீட்டினான். மைக்கில் அந்தக் காற்று இன்னும் பெரிய காற்றாகக் கேட்டது. இருநூறு பேர் முன்னால் அந்தச் சத்தம். சபை தலையைக் குனிந்துகொண்டது. அவருக்காக வெட்கப்பட்டுத்தான் குனிந்தார்கள், அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். இறங்கிப் போய்விடலாமா என்று பார்வை வாசல் பக்கம் போயிற்று.

வாசலருகே சுவரில் சாய்ந்து கார்மேகம் நின்றிருந்தார். சாய்ந்து நின்றாலும் கண் மட்டும் வேலையில் இருந்தது. பதினோரு வருஷமாக கிரேன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கும் அதே கண். சிக்னல் வரும், வந்ததும் தூக்க வேண்டும் என்று காத்திருக்கும் கண்.

அண்ணாச்சியின் வலது கை தானாக மேலே போயிற்று. சுட்டுவிரல் நீண்டது, சுழன்றது.

"பத்து ரியாலு" என்றார் கார்மேகம்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விரல் இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"இருவது." இது கார்மேகம் இல்லை. அவர் பக்கத்தில் நின்ற ராஸ் லஃபான் ஆட்களில் ஒருவர், சாரம் கட்டுகிறவர். விரல் சுழன்றது. இன்னொரு மூலையிலிருந்து வெல்டர் ஒருவர் முப்பது என்றார். அந்தச் சபையில் சைட் வேலை பார்க்கிற ஆண்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் முன்வரிசைக்குத் தெரிந்தது. அத்தனை பேரும் பின்னால்தான் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் அந்தக் கை புரிந்தது.

அண்ணாச்சிக்கு உடம்பில் சூடு ஏறிவிட்டது. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, சாமானைத் திருப்பச் சொல்வதுபோல, நேராகப் பல் டாக்டரைக் காட்டினார். முகத்தைச் சுளித்து, மிளகாய் கடித்தவன் மாதிரி உதட்டை ஊதினார். டாக்டருக்குக் காரம் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். சபை சிரித்தது. டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐம்பது."

கை அப்படியே மச்சினன் பக்கம் திரும்பியது. "அறுபது" என்றார் மச்சினன், அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு நிற்கவில்லை. சின்னப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி விரலைச் சுழற்றினார்கள். நூற்றைத் தாண்டியதும் அண்ணாச்சி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, இடது கையைச் சுழலும் விரலுக்கு மேலே கூரையாக வைத்தார். மெதுவாக. டாக்டரும் மச்சினனும் ஐந்து ஐந்தாக ஏறினார்கள். விமல் லேப்டாப்பை மூடிவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இருநூற்றுப் பத்தில் மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்தார்.

இனி முடிக்க வேண்டியதுதான். அண்ணாச்சி ஒரு விரலைக் காட்டினார். அதற்குரிய சத்தம் அவரிடம் இல்லை. இந்த இடத்தை அவர் யோசித்திருக்கவில்லை. ஒரு விரலோடு நின்றார்.

"ஒரு தரம்" என்றது சபை.

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பதினேழு வருஷம் கேட்ட காதுகள். அவர் இழுக்கிற அதே இழுவையோடு, அவர் ஊர்ப் பேச்சின் ராகத்தோடு சொன்னார்கள். இரண்டாவது விரலைச் சேர்த்தார். "ரெண்டு தரம்" என்ற சத்தத்தில் பிரியாணி பரிமாற நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது விரலைக் காட்டி, சபை சொல்லி முடித்ததும், இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைக்கக் கை வேண்டியிருந்தது, ஆனால் கோத்த கையை உடனே பிரிப்பது அவர் தொழிலில் வழக்கமில்லை.

டாக்டர் மிளகாயை வாங்கி, அங்கேயே சபைக்குத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் ஊர் வழக்கம்தான். மறுபடி ஏலம் போட்டார்கள். இந்தமுறை ராஸ் லஃபான் ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்தார்கள். செல்வக்கனி அழுதுகொண்டே சிரித்தாள், லீவு நேரம் முடிந்துவிட்டதையும் மறந்து.

சபைப் போதகர் ஐயர் ஆசீர்வாதம் சொல்லி, கூட்டம் கலைந்ததும் விமல் ஓடி வந்தான். "சாரி அண்ணாச்சி" என்றவன், வேறெதுவும் சொல்ல வராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணாச்சி அவன் முதுகில் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

வெளியே வேப்பமரத்து நிழலில் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கார்மேகம் பிரியாணிக்கு ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு, காரமே இல்லை என்று குறை சொன்னார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்தார். மணி இரண்டுகூட ஆகவில்லை, ஏழு ஆவதற்கு வெகு நேரம் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து ஃபோனை எடுத்தார்.

"என்ன இந்த நேரத்துல?" என்றாள் கனகபுஷ்பம், பதறிப்போய். "மேலுக்கு ஏதும் சொகமில்லையா?"

வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்ட நகம் போயிற்று. தட்டவில்லை. பார்வையாலேயே கார்மேகத்தை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, ஃபோனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டார்.

"கனகம்" என்றார்.

காற்றுதான். காய்ந்த ஓலைதான். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அடுப்பை அணைத்தாள். அதுவும் கேட்டது.

"கேக்குது" என்றாள் கனகபுஷ்பம். "சொல்லுங்க."